பீசு வாங்காத வக்கீல்!

கப்பலைத் தெரியும், கறுப்பு கோட்டைத் தெரியுமா?

வ.உ.சி. என்றதும் கப்பல் ஞாபகம் வரும். ஜெயிலில் இழுத்த செக்கு ஞாபகம் வரும். 1961-ம் ஆண்டு வெளிவந்த "கப்பலோட்டிய தமிழன்" படத்தைப் பார்த்தவர்களுக்கு சிவாஜி கணேசன் கண் முன்னால் நிற்பார்.

"சரி, அவருக்கு என்ன தொழில்?" என்று கேட்டால் பலரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அவர் ஒரு வக்கீல். ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி, கோவில்பட்டி என்று சின்ன ஊர் கோர்ட்டுகளில் கட்சிக்காரர்களுக்காக வாதாடியவர். கையில் காசு இல்லாதவன் வந்தாலும் கேஸ் கட்டை வாங்கிப் பிரித்தவர்.

அப்பாவும் மகனும்

1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். வசதியான குடும்பம்.

படிப்பு முடிந்ததும் சிதம்பரம் பிள்ளை முதலில் பார்த்தது தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. அதில் அவர் நிலைக்கவில்லை. அப்பா அவரைத் திருச்சிக்கு அனுப்பி சட்டம் படிக்க வைத்தார். 1894-ல் பிளீடர் பரீட்சை தேறினார். அடுத்த ஆண்டே சொந்த ஊரில் தொழிலைத் தொடங்கிவிட்டார்.

அப்பாவிடம் வந்தவர்கள் நிலபுலன் உள்ள பெரிய மனிதர்கள். மகனைத் தேடி வந்தவர்களோ ஏழைபாழைகள். போலீஸ் கேசில் மாட்டிக்கொண்டவர்கள். அவர்களிடம் பீசு கேட்டால் எங்கே போவார்கள்? வ.உ.சி. கேட்கவில்லை. சும்மாவே வாதாடினார். சில கேசுகளில் அப்பா ஒரு பக்கம், மகன் எதிர்ப்பக்கம் என்றுகூட நின்றிருக்கிறார்கள்.

பல கேசுகள் ஜெயித்தன. போலீசாருக்கு எரிச்சல். அதிகாரிகளுக்குக் கோபம். "இவன் இங்கே இருந்தால் வம்புதான்" என்று அப்பாவுக்குக் கவலை வந்துவிட்டது. 1900-ம் ஆண்டு வாக்கில் மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார்.

ஏழைக்கு உதவினால் அந்தக் காலத்திலும் ஊர் மாற வேண்டியிருந்தது!

வீட்டிலும் அப்படித்தான்

கோர்ட்டில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் என்பது அவரிடம் கிடையாது. இராமையா தேசிகர் என்ற கண் பார்வை இல்லாத துறவியைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். "அவர் என்ன ஜாதி? நம்ம வீட்டுக்குள்ளே எப்படி வைக்கலாம்?" என்று உறவினர்கள் முறுக்கிக்கொண்டார்கள்.

மனைவி வள்ளியம்மை அதைக் காதில் வாங்கவில்லை. தன் கையாலேயே அந்தப் பெரியவருக்குச் சோறு போட்டார். வ.உ.சி. எழுதிய சுயசரிதையில் அந்த அம்மாளின் பெருமை இருக்கிறது.

துறைமுகத்து வக்கீல்

தூத்துக்குடியில் வக்கீலுக்குக் குறைவில்லாத வருமானம். வீட்டையும் கோர்ட்டையும் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் கண் துறைமுகத்தின் மேல் விழுந்தது. கொழும்புக்குப் போகும் சரக்கும் ஆளும் வெள்ளைக்காரன் கப்பலில்தான் போக வேண்டுமா?

1906 அக்டோபரில் சுதேசி கப்பல் கம்பெனி பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40 ஆயிரம் பங்குகள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். வ.உ.சி. செயலாளர். மறு ஆண்டே "காலியா", "லாவோ" என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி போதாது, வார லீவு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அவர்கள் பக்கம் வக்கீல் நின்றார். இந்த முறை கோர்ட்டுக்கு வெளியே! ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

ஊரே அவர் பக்கம். வ.உ.சி.யைக் குறை சொன்ன இன்னொரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, பாதி முகத்தோடு விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று தூத்துக்குடியில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

கூண்டில் நின்றார்

சர்க்கார் சும்மா இருக்குமா? 1908 மார்ச் 12-ந் தேதி வ.உ.சி. கைதானார். ராஜத்துரோக வழக்கு. எத்தனையோ பேரைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டவர் இப்போது தானே கூண்டில் நின்றார்.

ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். ராஜத்துரோகத்துக்கு 20 ஆண்டு. சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. தீர்ப்பைக் கேட்டு தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அவர் கடைசி வரை தேறவே இல்லை.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவை ஜெயிலிலும் கண்ணனூர் ஜெயிலிலும் இருந்தார். செக்கிழுத்தது கோவையில். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது மாலையோடு நிற்க பெரிய கூட்டம் இல்லை. கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வக்கீல் சன்னதும் இல்லை! தண்டனை பெற்றவர் கோர்ட்டில் ஏறி வாதாட முடியாது.

கொடுத்த கை

குடும்பம் சென்னைக்கு வந்தது. வ.உ.சி. சில்லறை வியாபாரம் செய்து பார்த்தார். மண்ணெண்ணெய் விற்றார். பிறகு கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். நியாயத்தை நிறுத்துப் பேசத் தெரிந்தவருக்குத் தராசில் நிறுத்து லாபம் பார்க்கத் தெரியவில்லை.

அவர் கஷ்டத்தைக் கேள்விப்பட்ட தென் ஆப்பிரிக்கத் தமிழர்கள் பணம் வசூலித்து காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். அதைப் பற்றி இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1916-ம் ஆண்டு தொடக்கத்தில் வ.உ.சி. கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. கொடுத்தே பழகிய கை, வாங்க வேண்டிய நிலை.

மகனுக்கு வைத்த பெயர்

கடைசியில் கதவைத் திறந்துவிட்டவர் ஒரு வெள்ளைக்கார நீதிபதி. பெயர் வாலஸ். அவர் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. வ.உ.சி. மறுபடி கோட்டு மாட்டினார்.

அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. தன் கடைசி மகனுக்கு "வாலேஸ்வரன்" என்று பெயர் வைத்தார்! வெள்ளைக்காரன் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டவர், நல்லது செய்த வெள்ளைக்காரன் பெயரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

கோவில்பட்டியில் சில காலம் தொழில் நடந்தது. 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டார். பழைய வருமானம் திரும்பவில்லை. ஆனாலும் தமிழ்ப் பணி நிற்கவில்லை. திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதி 1935-ல் வெளியிட்டார்.

கடைசிக் கணக்கு

1936 நவம்பர் 18-ந் தேதி, தூத்துக்குடி காங்கிரஸ் ஆபீசில், அவர் விருப்பப்படியே அங்கே கொண்டுவந்து படுக்க வைத்திருந்த நிலையில், வ.உ.சி. கண்ணை மூடினார்.

இன்று தூத்துக்குடி துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2011-ல் வைத்த பெயர் அது. ஒட்டப்பிடாரத்து வீடு நினைவு இல்லமாக இருக்கிறது.

அவர் எழுதி வைத்த உயிலில், தான் கொடுக்க வேண்டிய கடைப் பாக்கிகளையும் ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார். ஊராருக்கு வாதாடிய வகையில் அவருக்கு வர வேண்டிய பீசு எவ்வளவோ இருக்கும். அதற்கு மட்டும் அவர் கணக்கு வைத்துக்கொள்ளவே இல்லை!