மலத்தில் ரத்தமும் சளியுமா? மூலம்னு விட்டுடாதீங்க... குடலைக் காக்கும் 'சளிக் கவசம்' மெலிந்தால் என்ன ஆகும்?

சளி என்றாலே நமக்கு மூக்கும் நெஞ்சும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உடம்பில் சளிக்கு ரொம்ப முக்கியமான வேலை இருக்கும் இடங்களில் ஒன்று பெருங்குடல். அங்கே சளி நோய் கிடையாது, காவல்.

வயிற்றுப்போக்கில் சளி கலந்து வந்தால் நம் ஊரில் 'சீதம் போகுது' என்பார்கள். சீதபேதி என்ற சொல்லில் இருக்கும் 'சீதம்' அந்தச் சளிதான். கிருமித் தொற்றால் வரும் சீதபேதி பெரும்பாலும் சில நாட்களில் கட்டுக்குள் வந்துவிடும். அதுவே வாரக்கணக்கில் ரத்தமும் சீதமுமாகப் போனால் விஷயம் வேறு. 'உடம்புச் சூடு', 'மூலம்' என்று சொல்லிக்கொண்டு அதை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அது குடல் அழற்சி நோயாக இருக்கலாம்.

குடல் அழற்சி நோய் என்றால் என்ன?

டாக்டர்கள் சுருக்கமாக 'ஐ.பி.டி' என்று சொல்லும் இந்த நோயில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்'. இது பெருங்குடலை மட்டும் தாக்கும். மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும், குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். இன்னொன்று, 'க்ரோன்ஸ் நோய்'. இது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், திட்டுத்திட்டாக வரலாம். குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கலாம்.

இரண்டுமே பெரும்பாலும் இளம் வயதில் தலைகாட்டுபவை. 'இது வெளிநாட்டுக்காரர்களுக்கு வரும் நோய்' என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஆனால் பஞ்சாபில் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பில், ஒரு லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பது தெரியவந்தது. லூதியானா டாக்டர்களின் அந்த ஆய்வு 2003-ல் வெளியானது.

செல்லூர் தறியும் குடல் சளியும்

மதுரை செல்லூர் நெசவுக்குப் பெயர்போன பகுதி. பாவு நூலுக்கு ஏன் கஞ்சி போடுகிறார்கள் என்று அங்குள்ள நெசவாளர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். கஞ்சி ஏறிய நூல்தான் தறியின் உராய்வைத் தாங்கும். கஞ்சி சரியாகப் பிடிக்காத இடத்தில் நூல் பிசிறடித்து அறுந்துபோகும்.

பெருங்குடலின் உட்சுவருக்கு அந்தக் கஞ்சிப் பூச்சு மாதிரி இருப்பதுதான் சளிப் படலம். ஒரே வித்தியாசம், பாவுக்கு ஒருமுறை கஞ்சி போட்டால் நெய்து முடிக்கலாம். குடலோ இந்தப் பூச்சை இரவு பகலாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எதற்காக? பெருங்குடலில் லட்சம் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றால் நமக்கு நன்மையும் உண்டு. ஆனால் குடல் சுவரின் மேற்பரப்பு ஒரே ஒரு வரிசை செல்களால் ஆனது. பாக்டீரியா அதன்மேல் நேரடியாக உட்கார்ந்தால், உடம்பின் எதிர்ப்பு சக்தி சண்டைக்குக் கிளம்பிவிடும். அப்படி நடக்காமல் இரண்டு பேரையும் பிரித்து வைப்பதுதான் சளியின் வேலை.

இந்தச் சளியைச் சுரப்பவை, குடல் சுவரில் கோப்பை வடிவில் இருக்கும் செல்கள். அவை வெளியிடும் 'மக்-2' என்ற புரதம் தண்ணீரை இழுத்து உப்பி, வலைபோல விரிந்து படலமாகிறது. பெருங்குடலில் இது இரண்டு அடுக்காக இருக்கிறது. வெளி அடுக்கு தளர்வானது, அதில் பாக்டீரியா வாழலாம். உள் அடுக்கு நெருக்கமானது, அதற்குள் பாக்டீரியா கிட்டத்தட்ட நுழையவே முடியாது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் குன்னார் ஹான்சன் குழுவினர் 2008-ல் எலிகளின் குடலில் இதைக் காட்டினார்கள்.

கவசம் கிழிந்தால்...

மக்-2 புரதமே இல்லாத எலிகளுக்கு, வேறு எதுவும் செய்யாமலே பெருங்குடல் அழற்சி வந்தது. 2006-ல் வெளியான ஆய்வு இது. அதாவது, கவசம் இல்லாமல் போவதே நோயைக் கிளப்பப் போதுமானதாக இருந்தது.

மனிதர்களிடம்? அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தீவிரமாக இருக்கும் நோயாளிகளின் குடலில், உள் அடுக்கைத் தாண்டி பாக்டீரியா புகுந்திருப்பதை ஹான்சன் குழு 2014-ல் பதிவு செய்தது. சளிப் படலம் வலுவிழப்பது இந்த நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே நடக்கிறது என்று 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

அப்படியென்றால் சளி மெலிந்ததால் அழற்சி வந்ததா, அழற்சி வந்ததால் சளி மெலிந்ததா? இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும் சுழற்சி இது. பாக்டீரியா நெருங்கினால் அழற்சி, அழற்சி கூடினால் கோப்பை செல்கள் குறையும், செல்கள் குறைந்தால் படலம் இன்னும் மெலியும். பரம்பரைக் கூறு, எதிர்ப்பு சக்தி, குடல் பாக்டீரியா, உணவு என்று பல காரணங்கள் சேர்ந்துதான் நோய் வருகிறது. சளி அதில் ஒரு முக்கியக் கண்ணி.

சளி மெலிகிறது என்றால் மலத்தில் எப்படிச் சளி வருகிறது என்ற சந்தேகம் வரலாம். சுவரோடு ஒட்டிப் படலமாக நிற்க வேண்டியது, புண்ணிலிருந்து வரும் ரத்தத்தோடும் சீழோடும் கலந்து வெளியேறுகிறது. கவசம் கழன்று விழுவதன் அடையாளம் அது.

க்ரோன்ஸ் நோயில் கதை கொஞ்சம் வேறு. அதில் சளிப் படலம் மெலியாமல், தடிமனாகவே இருக்கலாம். அதனால் ஐ.பி.டி எல்லாவற்றுக்கும் சளிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

சாப்பாட்டுக்கும் சளிக்கும் என்ன சம்பந்தம்?

குடல் பாக்டீரியாக்களின் முக்கியமான உணவு நார்ச்சத்து. அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எலிகளில் சோதித்தார்கள். பசித்த பாக்டீரியாக்கள் சளிப் படலத்தையே தின்னத் தொடங்கின. இந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், பாக்கெட் உணவுகளில் கலவை பிரியாமல் இருக்கச் சேர்க்கும் இரண்டு ரசாயனங்கள் எலிகளின் சளிக் கவசத்தைப் பலவீனமாக்கின. உணவு பாக்கெட்டின் பின்பக்கத்தில் 466, 433 என்ற எண்களில் இவற்றைப் பார்க்கலாம். இரண்டுமே எலி ஆய்வுகள் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, பழைய சோறு? சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறுகிறது. அது பெருங்குடல்வரை போய் பாக்டீரியாக்களுக்குத் தீனியாகி, 'பியூட்டிரேட்' போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருகிறது. பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான். சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எந்த அளவுக்கு உதவும் என்பதை அரசு நிதியில் ஆராயும் திட்டம் 2021-ல் செய்தியானது.

அதற்காக, 'பழைய சோறு சாப்பிட்டால் குடல் புண் குணமாகும், மாத்திரை வேண்டாம்' என்று வரும் வாட்ஸ்அப் மெசேஜை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. நோய் தீவிரமாக இருக்கும்போது நார்ச்சத்து எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. எதைச் சாப்பிடலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்வதே நல்லது.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

* மலத்தில் ரத்தமோ சளியோ 2 வாரத்துக்கு மேல் நீடித்தால்
* தூக்கத்திலிருந்து எழுந்து மலம் கழிக்க ஓட வேண்டியிருந்தால்
* போய்விட்டு வந்த பிறகும் மறுபடி வருவதுபோல முக்கல் இருந்தால்
* காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை வந்தால்
* அதிக ரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் வயிற்றுவலி இருந்தால் அன்றைக்கே

மலப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, கொலனோஸ்கோபி, குடல் சதைத் துணுக்குப் பரிசோதனை ஆகியவை மூலம் நோய் உறுதி செய்யப்படும். நம் நாட்டில் குடல் காசநோயும் க்ரோன்ஸ் நோயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். காசநோய் இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது முற்றிவிடும். தானாக மருந்துக் கடையில் மாத்திரை வாங்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். செல்லூர்ப் பகுதி மக்களுக்கு, பக்கத்திலேயே கோரிப்பாளையத்தை ஒட்டி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அங்கு குடல், இரைப்பை நோய்களுக்கென்று தனிப் பிரிவும் உண்டு.

இப்போதுள்ள மருந்துகள் அழற்சியை அடக்குபவை. அழற்சி அடங்கினால் குடல் சுவர் ஆறி, சளிப் படலமும் தேறுவதற்கு வழி கிடைக்கும். 'ரத்தம் நின்னுடுச்சு, இனி எதுக்கு மாத்திரை' என்று பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். பெருங்குடலின் பெரும்பகுதியில் நோய் பரவி பல ஆண்டுகள் ஆனவர்களுக்குப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. அதனால் நோய் தொடங்கி 8 ஆண்டுகள் ஆனதும், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் கொலனோஸ்கோபி செய்து பார்ப்பது அவசியம்.

ரத்தம் மூலத்தால் வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.