எழுத வரவில்லையே!

அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அழகழகாக யோசனைகள் வருகின்றன. கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தால், வந்த யோசனை வாசல் வழியே ஓடிவிடுகிறது! கதை எழுதிப் பார்த்த சகோதரிகளுக்கு இந்த அநுபவம் புதிதல்ல. எனக்கு மூன்று மாதமாக இதே பாடு. "உற்சாகம் வரட்டும், எழுதலாம்" என்று காத்திருந்தேன். வந்தவர்கள் என்னவோ விருந்தாளிகள்தாம்!

இந்த நிலையில், ஒரு புரட்டாசி மாதம் கழுகுமலைக்குப் போனேன். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் சுமார் 20 கிலோ மீட்டர். அடிவாரத்தில் முருகனைத் தரிசித்துவிட்டு, மலைமேல் உள்ள வெட்டுவான் கோயிலுக்கு ஏறினேன். 8-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுச் சிற்பிகள் ஒரே பாறையைச் சிகரத்திலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மேலே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி; கீழே வெறும் பாறை. வேலை முடியவில்லை. ஆனாலும் பார்க்கிறவர்கள் சொக்கி நிற்கிறார்கள். முடியுமோ, முடியாதோ என்று அந்தச் சிற்பிகள் உளியையே எடுக்காமல் இருந்திருந்தால்? எனக்குச் சுருக்கென்றது.

கீழே இறங்கினால் கண்ணுக்கெட்டியவரை கரிசல் காடு. வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை. ஆனால் ஒரு காட்டில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது! வரப்பில் விதைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பாட்டியிடம் கேட்டேன்:

"மழையே காணோமே பாட்டி, அதற்குள் விதைக்கிறீர்களே?"

"மழை பேஞ்ச பெறவு இந்த மண்ணுல கால் வைக்க முடியுமா, தாயி? ஒட்டிக்கிடும்லா! நாம வெதச்சு வச்சிரணும். அது வாறப்ப வரட்டும்."

உண்மைதான். கரிசல் மண் நனைந்தால் பசையாகிவிடும். அதனால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுகிறார்கள். அவர்களும் காத்திருக்கிறார்கள், ஆனால் விதைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்!

இந்தப் பூமியின் எழுத்தும் அப்படித்தான் விளைந்திருக்கிறது. பக்கத்து இடைசெவலில் விவசாயம் பார்த்தவர் கி. ராஜநாராயணன். 'சரஸ்வதி' பத்திரிகையில் அவருடைய 'மாயமான்' கதை வந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை காதில் விழுந்த பேச்சும் பழமையும் வீண் போகவில்லை. கரிசல் வட்டாரச் சொற்களைச் சேர்த்து ஓர் அகராதியே செய்தார். 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது.

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரையும் நினைத்துக்கொண்டேன். ஊற்றுமலை ஜமீன்தார் காவடி எடுத்துக் கழுகுமலைக்கு நடந்து வந்தபோது, வழிநடைக்காக அவர் பாடியவையே காவடிச் சிந்து என்பார்கள். 1891-ல் இளம் வயதிலேயே மறைந்தார். அந்தச் சிந்தின் துள்ளல் இன்னும் ஓயவில்லை. கால்கள் நடக்க நடக்கப் பாட்டும் வந்திருக்கிறது!

ஊர் திரும்பியதும், அடுப்பங்கரை அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். மாமியார் சொன்ன ஒரு சொலவடை, பால்காரருடன் பக்கத்து வீட்டு மாமி போட்ட சண்டை - தினம் நாலு வரி. நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. விதையைத் தினமும் தோண்டிப் பார்த்தால் முளைக்குமா?

நாற்பதாம் நாள் ஒரு வரி முளைவிட்டது. ஒரே மூச்சில் ஒரு கதையை எழுதி முடித்தேன். அன்று குழம்பு தீய்ந்துபோனது வேறு கதை!