அளவறிந்து இரையிடல்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மகளின் இல்லத்தில் சென்ற கோடையில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கு என் 14 வயதுப் பேரன் ஒரு பாம்பு வளர்க்கிறான். 'கார்ன் ஸ்நேக்' எனப்படும் சோளப்பாம்பு அது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி அதன் தாயகம், நஞ்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும் இயல்புடையது. அந்நாட்டில் பல இல்லங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து இதனை வளர்க்கிறார்கள்.

ஒரு வார இறுதியில் மகள் குடும்பத்தினர் நான்கு நாள் பயணமாக வெளியூர் சென்றனர். பாம்புக்கு இரையிட வேண்டிய நாள் அதற்கிடையில் வந்தது. உறைபெட்டியில் உள்ள எலிகளில் 9 கிராம் எடையுள்ள ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் வைத்து உறைநிலை நீக்கி, இடுக்கியால் நீட்ட வேண்டும் என்று பேரன் எழுதி வைத்துவிட்டுச் சென்றிருந்தான். அவன் குறிப்பிட்டிருந்த எலி எனக்கு மிகச் சிறியதாகத் தெரிந்தது. வளரும் உயிர், வாரத்துக்கு ஒருமுறைதான் உணவு, அதிலும் இவ்வளவு சிறியதா என்று தோன்றியது. அடுத்த பையில் இருந்த எலி பார்வைக்குச் சற்றே பெரிதாக இருந்தது. அதையே எடுத்துக் கொடுத்தேன். பாம்பு தயங்காமல் விழுங்கியது. எனக்கும் மனம் நிறைந்தது.

மறுநாள் அதன் நடுவுடல் பெரிதாகப் புடைத்திருந்ததைக் கண்டு கவலையுற்று, அது ஒடுங்கிக் கிடந்த மறைவிடத்தை இருமுறை தூக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில், பாதி செரித்த எலி பெட்டியின் மூலையில் கிடந்தது. பாம்பு அதனைக் கக்கியிருந்தது.

திரும்பி வந்த பேரன் கோபப்படவில்லை. "எடை போட்டுப் பார்த்தீர்களா, தாத்தா?" என்று மட்டும் கேட்டான். நான் போடவில்லை. அளந்தறியாமல் முடிவெடுக்கக் கூடாது என்று கல்லூரியில் பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் நான். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

அதன் பிறகு இது குறித்துப் படித்தும், பேரனிடம் கேட்டும் அறிந்துகொண்டவை, பாம்பு வளர்ப்போருக்கு மட்டுமன்றி, பிறர் பசியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவருக்கும் பயன்படக்கூடியவை என்று கருதுகிறேன்.

பாம்பால் இரையைக் கடித்துத் துண்டாக்க முடியாது, மெல்லவும் முடியாது. முழுதாகத்தான் விழுங்க வேண்டும். அதற்கேற்பவே அதன் உடல் அமைந்துள்ளது. நம் கீழ்த்தாடையின் இரு பக்கங்களும் முகவாயில் ஒரே எலும்பாக இணைந்துள்ளன. பாம்புக்கு அவை நெகிழும் தசைநாரால் மட்டுமே பிணைக்கப்பட்டுள்ளன. ஆகவே இரு பக்கங்களும் தனித்தனியே விலகவும் நகரவும் முடியும். பின்னோக்கி வளைந்த பற்கள் இரையைப் பற்றிக்கொள்ள, வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி முன்னேறி இரையின் மீது 'நடந்து' செல்கின்றன. விழுங்கும்போது பாம்பு தாடையைக் கழற்றிக்கொள்கிறது என்று பலரும் நம்புவது உண்மையல்ல. மார்பெலும்பு இல்லாததால் விலா எலும்புகள் விரிந்து கொடுக்கின்றன. வாய் நிறைய இரை இருக்கும்போதும் மூச்சுக்குழலின் வாயை முன்னே நீட்டிச் சுவாசிக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு.

இவ்வளவு வியத்தகு ஏற்பாடுகள் இருப்பதால்தான் நாம் ஏமாந்துபோகிறோம். விழுங்க முடிந்தது என்பதாலேயே செரிக்க முடியும் என்று எண்ணிவிடுகிறோம். வாயின் கொள்ளளவு வேறு; வயிற்றின் திறன் வேறு.

வளர்ப்போர் பின்பற்றும் பொதுவான விதி எளிமையானது. இரையின் பருமன், பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியின் பருமனை ஒத்திருக்க வேண்டும். மிஞ்சிப் போனால் அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. இரண்டாவது சோதனை எடை. வளரும் பருவத்துச் சோளப்பாம்புக்கு அதன் உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை உள்ள இரை பொருத்தமானது. பேரனின் பாம்பு 80 கிராம் எடை கொண்டது. 9 கிராம் எலி என்பது 11 சதவீதம். அவன் கணக்கு சரியாகவே இருந்தது.

நான் கொடுத்த எலி எவ்வளவு? அந்தப் பையில் எஞ்சியிருந்தவற்றை அவன் சமையலறைத் தராசில் வைத்துக் காட்டினான். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 கிராம். கண்ணுக்குச் 'சற்றே பெரியது' தராசில் இரு மடங்காக இருந்தது. இது கண்ணின் குற்றமன்று, கணிதத்தின் இயல்பு. ஒரே வடிவமுள்ள இரு பொருள்களில் ஒன்று மற்றதைவிட எல்லாப் பக்கங்களிலும் கால் பங்கு பெரிதாக இருந்தால், அதன் எடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். எல்லாப் பக்கங்களிலும் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். நாம் நீளத்தையும் அகலத்தையும் பார்க்கிறோம். வயிறோ கன அளவைச் சுமக்கிறது.

அத்துடன் முடியவில்லை. செரிமான அமிலம் இரையின் வெளிப்புறத்திலிருந்துதான் உள்நோக்கிச் செயல்படுகிறது. எடை கூடும் வேகத்தில் மேற்பரப்பு கூடுவதில்லை. எனவே பெரிய இரையின் உட்பகுதியை அமிலம் எட்டுவதற்கு வெகு நேரமாகும். அதற்குள் அது உள்ளேயே அழுகத் தொடங்கினால், பாம்புக்குக் கக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பாம்பின் செரிமானம் எத்தகைய பெரும் உழைப்பு என்பதற்குப் பர்மிய மலைப்பாம்பு பற்றிய ஆய்வு ஒன்று சான்று. 2005-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, பெரிய இரையை உண்ட 48 மணி நேரத்துக்குள் அப்பாம்பின் இதயக் கீழறையின் எடை 40 சதவீதம் கூடுகிறது. குடலும் கல்லீரலும் அவ்வாறே பருக்கின்றன. செரித்து முடிந்ததும் அவை மீண்டும் சுருங்குகின்றன. ஒவ்வொரு வேளை உணவுக்கும் உடலுக்குள் ஒரு தொழிற்சாலையையே விரிவாக்குவது போன்றது இது. அதற்கு வெப்பமும் வேண்டும். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. பெட்டியின் ஒரு பக்கம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால்தான் சோளப்பாம்புக்குச் செரிமானம் சீராக நடக்கும். உண்ட பின் இரண்டு நாள்களுக்கு அதனைத் தொடவோ தொந்தரவு செய்யவோ கூடாது. இரையின் அளவில் தவறிய நான், இந்த விதியிலும் தவறியிருந்தேன்.

ஒருமுறை கக்கினால் பாம்பு இரையை மட்டும் இழப்பதில்லை. செரிமான நீரையும் உடலின் நீர்ச்சத்தையும் சேர்த்தே இழக்கிறது, உணவுக்குழாயும் புண்ணாகிறது. உடனே மறுபடி இரை கொடுத்தால் மறுபடியும் கக்கும். இது தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே 10 நாள்கள் முதல் இரு வாரங்கள் வரை பட்டினி போட்டு, தண்ணீர் மட்டும் வைத்து, பிறகு வழக்கமான அளவில் பாதியிலிருந்து தொடங்க வேண்டும். 'பசியோடு இருக்குமே' என்று அன்று நான் இரங்கியதன் விளைவு, அந்தப் பாம்பு 14 நாள்கள் பட்டினி கிடந்ததுதான்.

அளவு குறைந்தாலும் கேடுதான். கடைகளில் உறைநிலையில் விற்கப்படும் எலிகளுக்குப் பருவத்துக்கேற்பப் பெயர்கள் உண்டு. பிறந்து ஓரிரு நாளான, மயிர் முளைக்காத குட்டி 'பிங்கி'. மெல்லிய மயிர் அரும்பியது 'ஃபஸ்ஸி'. துள்ளி ஓடத் தொடங்கியது 'ஹாப்பர்'. அதற்கு மேல் வளர்ந்த எலி. முட்டையிலிருந்து வெளிவந்த சோளப்பாம்புக் குட்டிக்குப் பிங்கியே போதும். ஆனால் பாம்பு வளர்ந்த பின்னும், ஒரு ஹாப்பருக்கு ஈடாகச் சில பிங்கிகளைக் கொடுத்துக்கொண்டே இருப்பது சரியன்று. எடைக் கணக்கு நேராகலாம். சத்துக் கணக்கு நேராகாது. பிங்கியின் எலும்புகள் இன்னும் கெட்டிப்படாதவை. அவற்றில் சுண்ணாம்புச் சத்து குறைவு. போதிய இரை கிடைக்காத பாம்பின் முதுகெலும்பு கூரை முகடுபோல் துருத்தி நிற்கும்.

அதிகமாக ஊட்டுவதோ வளர்ப்பிடங்களில் பெரிதும் காணப்படும் தவறு. காட்டில் ஒரு பாம்பு இரை தேடி அலைகிறது. பல நாள்கள் கிடைக்காமலும் போகிறது. பெட்டிக்குள் அலைச்சலும் இல்லை, தோல்வியும் இல்லை. கொடுக்கும்போதெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். நாளடைவில் கொழுப்பு கல்லீரலில் படியும், ஆயுள் குறையும். வளர்ந்த சோளப்பாம்புக்கு 10 நாள்களுக்கோ இரு வாரங்களுக்கோ ஒருமுறை இரையிட்டாலே போதும்.

உயிருள்ள எலியை விடுவதே இயற்கை என்று நினைப்போரும் உண்டு. ஒடுங்கிய பெட்டிக்குள், தப்பிக்க வழியற்ற எலி திருப்பிக் கடிக்கும்; அதனால் கண்ணிழந்த பாம்புகளும் உண்டு. எலிக்கும் அது கொடுமை. கொன்று உறைய வைக்கப்பட்ட இரையே இரண்டு உயிர்களுக்கும் குறைந்த துன்பம் தருவது.

பொருளியலில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை முதலாண்டு மாணவர்க்கே கற்பிப்போம். ஒரு பொருளின் அடுத்தடுத்த அலகு தரும் பயன் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தீமையாக மாறும். வகுப்பில் இதற்கு மாம்பழத்தை எடுத்துக்காட்டுவேன். மாம்பழம் தின்பவர் திகட்டியதும் தாமே நிறுத்திக்கொள்வார். அந்த விதி நமக்குத் தீங்கு செய்யாமல் காப்பது அந்த நிறுத்தம்தான். ஆனால் எவ்வளவு உண்பது என்று தீர்மானிப்பவர் ஒருவர், உண்பவர் மற்றொருவர் என்றால் நிறுத்துவது யார்? கொடுப்பவருக்குக் கொடுப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சி குறைவதே இல்லை. உண்பவரின் துன்பம் அவருக்குத் தெரிய வருவது, அது கக்கிய பிறகுதான்.

முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவருக்கு மருந்தே வேண்டாம் என்பது திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் கூறும் கருத்து. அது தானே உண்பவருக்குச் சொல்லப்பட்டது. பிறருக்கு ஊட்டுபவருக்கு அது இருமடங்கு பொருந்தும்.

நம் ஊரிலும் பாம்புப் புற்றுக்குப் பால் வார்க்கிறோம். அந்த வழிபாட்டிலுள்ள பக்தியை நான் குறை கூறவில்லை. ஆனால் பால் பாம்பின் உணவன்று. அதே பாம்பு காவிரிப் படுகையின் வரப்பு வளைகளில் எலியைத் தேடி உண்டு நெல்லைக் காக்கிறது. அதற்கு நாம் தர விரும்புவது ஒன்று. அதற்குத் தேவைப்படுவது வேறொன்று.

இதைப் படித்துவிட்டு எவரும் பாம்பு வளர்க்கக் கிளம்பிவிடக் கூடாது. நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்ற நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'சைட்டிஸ்' என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர், அச்சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். 'பால் பைத்தான்' எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்புகளும் அவற்றில் அடங்கும். பயணிகளின் பெட்டிகளில் துணிப்பைக்குள் கட்டப்பட்ட இத்தகைய பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளை வாசகர்கள் படித்திருக்கக் கூடும். இடம் மாறிய அதிர்ச்சியில் வாரக்கணக்கில் உண்ண மறுக்கும் இயல்புடையவை அவை. பிடிபடாமல் போய்ச் சேரும் பாம்பு, அதன் பசியையும் வயிற்றின் அளவையும் அறியாத ஒருவரின் கையில் விழுகிறது. வாங்குவதற்குப் பணம் போதும். வைத்துக் காப்பதற்குப் பணம் மட்டும் போதாது.

பேரனின் பாம்பு பிழைத்துக்கொண்டது. இரு வாரங்கள் கழித்து 4 கிராம் ஃபஸ்ஸி ஒன்றை அவன் நிறுத்துக் கொடுத்தான். நான் தள்ளி நின்று பார்த்தேன். அது வயிற்றில் தங்கியது. இரையிட்ட நாள், எலியின் எடை, பாம்பின் எடை ஆகியவற்றை அவன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறான். அந்த வாரத்து வரியில், எடைக்குரிய கட்டத்தைக் காலியாக விட்டு, 'தாத்தா கொடுத்தது' என்று எழுதியிருந்தான். ஊர் திரும்பும் முன் அந்தக் கட்டத்தில் 18 கிராம் என்று என் கையாலேயே எழுதிவிட்டு வந்தேன்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).