பேட்டரிக் கருவிகள்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

புதுச்சேரி நகரத்துக்குள் வீடு, பாகூர் பக்கம் நிலம். என்னைப் போல ரெண்டு இடத்துக்கும் நடுவுல ஓடிக்கிட்டு இருக்கிறவங்க நம்ம உழவர்களில் நிறைய பேர். வீட்டுக் கதவு, மோட்டார் சைக்கிள், பழைய கார், பந்தல் கால், ஆட்டுக் கொட்டில் என்று ஏதாவது ஒன்று பழுதாகிக்கொண்டே இருக்கும். சின்ன வேலைக்கெல்லாம் ஆள் தேடினால் கூலியும் போகும், நாளும் போகும். வயலில் கரண்ட் இருப்பதோ மோட்டார் கொட்டகையில் மட்டும்தான். அங்கிருந்து ஈரத்தரையில் ஒயர் இழுப்பது உயிருக்கே ஆபத்து. 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல். அந்த நாட்களில் நகரத்திலும் கரண்ட் இல்லை. அதனால்தான் பேட்டரியில் ஓடும் கருவிகளைப் பற்றி இப்போது பலரும் என்னிடம் கேட்கிறார்கள். நான் வைத்துப் பழகியதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி, பிறகுதான் கருவி

பேட்டரியில் ஓடும் துளைக் கருவி புதுசு இல்லை. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961லேயே நிக்கல் காட்மியம் பேட்டரியில் கொண்டுவந்தது. லித்தியம் பேட்டரி வந்த பிறகுதான் எடை குறைந்து வேலை கூடியது.

கடையில் 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் மூன்றும் ஒன்றுதான். ஒரு லித்தியம் செல்லின் சராசரி 3.6 வோல்ட். ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் 18. முழுக்க சார்ஜ் ஏறியவுடன் ஒரு செல் 4.2 வோல்ட் காட்டும், ஐந்துக்கு 21. பெட்டியில் எந்த எண்ணைப் போடுவது என்பது வியாபாரம். அதே அளவுப் பேட்டரியில் 48, 88 என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீங்க.

பார்க்க வேண்டியது வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கி வரும் வாட் மணி. 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36. அதுவே 4 ஆம்பியர் மணி என்றால் 72. நாம் பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் தெளிக்கும் முதுகுத் தெளிப்பானில் வழக்கமாக 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி இருக்கும். அது 96 வாட் மணி. ஆனால் ஈய பேட்டரியை அடிமட்டம் வரை இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், எடையும் அதிகம். 72 வாட் மணி பேட்டரியை ஒருமுறை சார்ஜ் ஏற்ற ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. கொட்டகையில் சின்னதாக சோலாரும் இன்வெர்ட்டரும் இருந்தால் அதுவே போதும்.

போலியைக் கண்டுபிடிக்க ஒரு வழி, கையில் தூக்கிப் பார்ப்பது. 18650 வகைச் செல் ஒன்று சுமார் 45 கிராம். 4 ஆம்பியர் மணி தர அந்த வகையில் பத்து செல் வேண்டும். செல் மட்டுமே அரைக் கிலோவை ஒட்டி வரும். பெயருக்கு 6 ஆம்பியர் மணி, கையில் தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே சரக்கு இல்லை.

இன்னொன்று: ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனிக் கருவியில் பெரும்பாலும் சேராது. ஒரே கம்பெனிக்குள்ளும் சேராமல் போகும். பாஷ் நிறுவனத்தின் பச்சை நிற 18 வோல்ட் வரிசையும் நீல நிற 18 வோல்ட் வரிசையும் வேறு வேறு. செலவில் பெரும்பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான். அதனால் முதல் கருவி வாங்கும்போதே அடுத்த ஐந்து வருஷத்துக்கான பேட்டரி வரிசையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். அந்த வரிசையில் டிரில், கிரைண்டர், ரம்பம், இம்பாக்ட் ரெஞ்ச் எல்லாம் வருகிறதா, பேட்டரி இல்லாமல் கருவியை மட்டும் தனியாகத் தருகிறார்களா, சர்வீஸ் சென்டர் புதுச்சேரியிலோ கடலூர், விழுப்புரத்திலோ இருக்கிறதா என்று கேளுங்க.

வீட்டு வேலைக்கு

ஒரே ஒரு கருவி என்றால், சுத்தியல் வசதியுள்ள 18 வோல்ட் டிரில். துளை போடும், திருகாணி ஏற்றும், இறக்கும். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் என்றால் விலை கூடுதல், ஆனால் சூடு குறைவு, பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். வீட்டுக்குள் நிலைப்பலகை, அலமாரி, தேனீப் பெட்டி வேலை மட்டும்தான் என்றால் 12 வோல்ட் கருவியே போதுங்க. கையும் வலிக்காது.

நம்ம ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளும் பழைய தமிழர் வீதி வீடுகளும் செங்கல், சுண்ணாம்புக் காரையால் கட்டியவை. அந்தச் சுவரில் சுத்தியல் வசதியைப் போட்டால் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். சுத்தியலை நிறுத்திவிட்டு, சின்ன பிட்டில் தொடங்கி மெதுவாகத் துளைக்க வேண்டும். காங்கிரீட் கூரையிலோ தூணிலோ துளைப்பதற்கு நேர்மாறு. அங்கே சாதாரண டிரில் திணறும், ரோட்டரி ஹேமர்தான் வேணும். வருஷத்துக்கு ரெண்டு துளைக்காக அதை வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க.

வயலில் சொட்டுநீர் மெயின் பைப்பில் துளை போட, கொட்டில் தகடு அடிக்க இதே டிரில் போதும். 200 லிட்டர் டிரம்மில் கரைசல் கலக்க இதை மாட்டாதீங்க. மோட்டார் சூடேறிப் புகையும். காலை மாலை கம்பு போட்டுக் கலக்குவதற்கு எந்த பேட்டரியும் தேவையில்லை.

வண்டி வேலைக்கு

கடற்காற்றில் நட்டு துருப்பிடித்து இறுகுவது நமக்கு வழக்கம். இம்பாக்ட் ரெஞ்ச் அடித்து அடித்துத் திருகும், அதனால் இறுகிய நட்டும் இளகும். இதன் பலம் நியூட்டன் மீட்டரில். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் பத்துக் கிலோ தொங்கினால் சுமார் 100 நியூட்டன் மீட்டர். சின்னக் கார்களின் சக்கர நட்டுக்கு ஏறக்குறைய அந்த அளவு இறுக்கம்தான். துருப்பிடித்ததைக் கழற்ற அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கும். எனவே காருக்கு அரை அங்குல சதுர முனையும் 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் பலமும் உள்ளதாகப் பாருங்க. டிராக்டர் பின் சக்கரத்துக்கு இந்தச் சின்னக் கருவிகளை நம்ப வேண்டாம். நீளக் குழாய் மாட்டிய ஸ்பேனர்தான் சரி.

கழற்றுவதற்கு மெஷின், இறுக்குவதற்குக் கை. எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் சொல்வார்: "அண்ணே, நாலு நூல் கையால ஓடணும். ஓடலைன்னா மெஷினைத் தொடாதீங்க." நட்டு கோணலாக ஏறினால் மெஷின் அதைக் காட்டிக்கொடுக்காது, மரையைத் தின்றுவிடும். சக்கர நட்டை எதிரெதிராக, கடைசி இறுக்கம் கை ஸ்பேனரால் அல்லது டார்க் ரெஞ்சால். பைக்கில் ஆயில் டிரெயின் போல்டுக்கு 20, 25 நியூட்டன் மீட்டர் அளவுதான் இறுக்கம். அந்த அலுமினியப் பாகத்திலும் ஸ்பார்க் பிளக்கிலும் இம்பாக்ட் கருவியை வைக்கவே கூடாது. பளபளக்கும் குரோம் சாக்கெட்டும் இதற்கு ஆகாது, உடைந்து தெறிக்கும். கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் தனியாக வாங்குங்க.

கண்ணும் கையும் முக்கியம்

கிரைண்டரின் மூடியைக் கழற்றி வைத்து வேலை செய்யாதீங்க. வட்டில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்க. கண்ணாடி கட்டாயம். துண்டு, தொளதொளச் சட்டை, கையுறை எதுவும் சுழலும் டிரில் பக்கம் போகக் கூடாது. வைக்கோல் போர் அருகே கிரைண்டர் வேண்டவே வேண்டாம்.

பேட்டரியை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீங்க. வேலை முடிந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிடுங்க. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், நிழலில் வைங்க. உப்பினதையோ, நீரில் மூழ்கினதையோ மறுபடி சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. செத்த பேட்டரியை வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ எறிந்தால் நாம் பாதுகாக்கும் மண்ணுக்கே நஞ்சு. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கடையில் கேட்டுத் திருப்பிக் கொடுங்க.

சேர்ந்து வாங்கினால்

வெளியிடுபொருளைக் குறைப்பது நம் வேளாண்மை. கருவிக்கும் அதே கணக்கு. ஒரு வருஷத்தில் என்னென்ன பழுது பார்த்தோம், கூலி எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதுங்க. கருவி விலை மூன்று வருஷக் கூலிக்குள் அடங்கினால் வாங்கலாம். அடங்காவிட்டால் நல்ல கைஸ்பேனர் செட்டே போதும்.

அதைவிட நல்லது, ஊரில் ஐந்து உழவர்கள் பேசி ஒரே பேட்டரி வரிசையைத் தேர்ந்தெடுப்பது. ஒருவர் டிரில், ஒருவர் கிரைண்டர், ஒருவர் இம்பாக்ட் ரெஞ்ச், ஒருவர் கிளை வெட்டும் ரம்பம், ஒருவர் கூடுதல் பேட்டரியும் விளக்கும். அவரவர் செலவு ஒரு கருவிக்கு, பயன்பாடு ஐந்துக்கும். அடுத்த புயலுக்குப் பிறகு பாதையில் விழுந்த மரத்தை அறுக்கவும் கரண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். விதையை மாற்றிக்கொள்ளும் நமக்கு இது பெரிய விஷயம் இல்லையே. அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்க.