உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸுக்கு அடியில் நடக்கும் அதிசயங்கள்!

உங்கள் இன்டெல் லேப்டாப்பில் லினக்ஸ் மட்டும்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அதற்கும் அடியில் இன்னொன்று சத்தமில்லாமல் ஓடுகிறது! 2015-ல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து இன்டெல் தன் சிப்களில் இருக்கும் மேனேஜ்மென்ட் என்ஜின் என்ற குட்டிக் கணினிக்குள் வைத்தது மினிக்ஸ் என்ற இயங்குதளம். அதை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம் யார் தெரியுமா? 1992-ல், லினக்ஸின் வடிவமைப்பே பழசு என்று லினஸ் டோர்வால்ட்ஸிடம் மல்லுக்கு நின்றவர்! தன் மினிக்ஸ் இப்படி ஊரெல்லாம் ஓடுகிறது என்பது அவருக்கே 2017-ல்தான் தெரியவந்தது!

இப்படி வன்பொருளுக்குள்ளேயே குடியிருக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். கணினியை எழுப்பிவிடும் ஃபர்ம்வேருக்குப் பெயர் பயாஸ். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் பயாஸ் வெறும் 8 கேபி. இன்றைய லேப்டாப்பின் ஃபர்ம்வேர் சிப்பில் 16 எம்பி சர்வசாதாரணம். எத்தனை மடங்கு? 2,048!

அந்தச் சிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கறுப்பு நிறம், எட்டே எட்டுக் கால்கள். அதில் எழுதியிருப்பது கெட்டுப்போனால் லட்ச ரூபாய் லேப்டாப்பும் செங்கல்தான்!

2013-ல் சில சாம்சங் லேப்டாப்புகளில் லினக்ஸை பூட் செய்தார்கள். அவ்வளவுதான், லேப்டாப் மறுபடி எழுந்திருக்கவே இல்லை! பழி முழுக்க லினக்ஸ் தலையில். பிறகு மேத்யூ காரெட் என்ற நிபுணர் விண்டோஸிலிருந்தே அதே லேப்டாப்பைச் சாகடிக்க முடியும் என்று காட்டினார். குற்றவாளி லினக்ஸ் அல்ல, ஃபர்ம்வேர்!

ஒரே ஒரு கட்டளை. எல்லா ஃபைலையும் அழிக்கச் சொல்லும் கட்டளை. 2016-ல் ஆர்ச் லினக்ஸ் பயனர் ஒருவர் தன் எம்எஸ்ஐ லேப்டாப்பில் அதைத் தட்டினார். ஹார்டு டிஸ்க் காலியானது சரி, மதர்போர்டும் சேர்ந்து மடிந்தது! ஃபர்ம்வேரின் அமைப்புகள் சாதாரண ஃபைல்களைப் போலவே லினக்ஸுக்குத் தெரிந்துகொண்டிருந்தன. அவையும் போயே போச்சு. அதன் பிறகுதான் லினக்ஸின் மையமான கெர்னலை எழுதுபவர்கள் அவற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள்!

2017 டிசம்பரில் உபுண்டு 17.10-ஐ டவுன்லோடு பக்கத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். காரணம், இன்டெல் எஸ்பிஐ என்ற டிரைவர் சில லெனோவா லேப்டாப்புகளின் பயாஸைப் பதம் பார்த்துவிட்டது! திருத்திய பதிப்பு வந்தது அடுத்த ஆண்டு ஜனவரியில்!

அந்தக் காலத்து லினக்ஸ்காரர் பயாஸை எப்படிப் புதுப்பித்தார்? சொன்னால் சிரிப்பீர்கள். ஃப்ரீடாஸ் போட்ட பென்டிரைவைச் செருகி, டாஸில் பூட் செய்து! சிலர் இதற்காகவே ஒரு மூலையில் விண்டோஸை வைத்துக் காப்பாற்றினார்கள். சுதந்திர மென்பொருள் வீரர்களுக்கு இதைவிட அவமானம் உண்டா?

இப்போது கதாநாயகன் வருகிறார்! பெயர் ரிச்சர்ட் ஹியூஸ். ரெட் ஹேட் நிறுவனத்தின் பொறியாளர். திரையின் நிறத்தை அளக்கும் கலர்ஹக் என்ற குட்டிக் கருவியைத் தானே வடிவமைத்து விற்றவர். விற்ற கருவிக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பது எவ்வளவு பாடு என்று அவருக்குத் தெரியாதா என்ன? 2015-ல் எஃப்டபிள்யூ-அப்-டி என்ற மென்பொருளோடு வந்தார். கூடவே எல்விஎஃப்எஸ் என்ற பொதுக் கிடங்கு. கணினி நிறுவனங்கள் அங்கே ஃபர்ம்வேரைப் போடும், உங்கள் லினக்ஸ் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இதுவரை போய்ச் சேர்ந்த புதுப்பிப்புகள் 10 கோடிக்கும் மேல்!

முதலில் கைகொடுத்த பெரிய நிறுவனம் எது? டெல்! லெனோவா 2018-ல் வந்தது. 2019-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷனே எல்விஎஃப்எஸ்ஸைத் தன் குடையின் கீழ் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே லெனோவா தன் திங்க்பேட் பி, திங்க்ஸ்டேஷன் வரிசைகள் முழுவதற்கும் லினக்ஸ் சான்றிதழ் பெறுவதாக அறிவித்தது!

எல்விஎஃப்எஸ்ஸில் ஃபர்ம்வேர் எந்த வடிவில் கட்டப்பட்டு வருகிறது, சொல்லுங்கள் பார்ப்போம். கேப் ஃபைல். மைக்ரோசாஃப்டின் கேப் ஃபைலேதான்!

புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்க, உங்களிடம் என்ன மாடல் லேப்டாப் என்று எல்விஎஃப்எஸ்ஸிடம் சொல்ல வேண்டுமா? வேண்டாம்! பட்டியல் முழுவதையும் உங்கள் கணினி இறக்கிக்கொள்கிறது. பொருத்தம் பார்ப்பது உங்கள் வீட்டிலேயே. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், தனியுரிமை பற்றி வாய்கிழியப் பேசும் நிறுவனங்கள் கொஞ்சம் பாடம் கற்கலாம்!

மவுஸுக்கும் ஃபர்ம்வேர் உண்டு! 2016-ல் பாஸ்டில் என்ற நிறுவனம் ஒரு குண்டைப் போட்டது. வயர்லெஸ் மவுஸ் ரிசீவர் வழியாக, நீங்கள் தட்டாத எழுத்துகளை உங்கள் கணினியில் வேறொருவர் தட்ட முடியும். எவ்வளவு தூரத்திலிருந்து? 100 மீட்டர் வரை! பட்டியலில் லாஜிடெக்கின் ரிசீவரும் இருந்தது. இன்று அந்த நகத்தளவு ரிசீவரை லினக்ஸிலிருந்தே புதுப்பிக்கலாம்!

பூட் ஆகும்போது கம்பெனி லோகோ மின்னுகிறதே, அந்தப் படமே ஓட்டையாக இருந்தது! 2023 டிசம்பரில் பைனர்லி நிறுவனம் வெளியிட்ட கண்டுபிடிப்பு. லோகோவைப் படிக்கும் ஃபர்ம்வேர் நிரலில் பிழை. விஷமம் கலந்த படத்தை வைத்தால், இயங்குதளம் எழும் முன்பே ஆட்டம் முடிந்தது. வைத்த பெயர் லோகோஃபெயில்!

லேப்டாப்போடு இணைக்கும் சில டெல் டாக்குகளை லினக்ஸில் புதுப்பித்துப் பாருங்கள். வேலை பாதியில் நிற்கும். யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கினால் தொடரும் என்று திரையில் வரும். பிடுங்காதே என்றுதானே எல்லாரும் சொல்வார்கள்? இங்கே பிடுங்கினால்தான் வேலையே ஆகும்!

உங்கள் கணினியின் ஃபர்ம்வேர் பாதுகாப்புக்கு மார்க் போடும் வசதியும் எஃப்டபிள்யூ-அப்-டியில் இருக்கிறது! எச்எஸ்ஐ என்று பெயர். மார்க் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். பளபளக்கும் லேப்டாப்பும் பூஜ்யம் வாங்கலாம், அசந்துவிடாதீர்கள்! 2022-ல் வந்த நோம் 43 என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் இதற்காகவே செட்டிங்ஸில் தனிப்பக்கம் வைத்தது.

லினக்ஸ் பூட் ஆக மைக்ரோசாஃப்டின் கையெழுத்து வேண்டும்! கையெழுத்தில்லாத நிரலை பூட் ஆக விடாத செக்யூர் பூட் வசதி இயங்கும் பெரும்பாலான கணினிகளில் இதுதான் நிலைமை. அந்தக் கையெழுத்துக்கான 2011-ம் ஆண்டுச் சான்றிதழின் ஆயுள் 2026 ஜூன் வரைதான். அதற்குப் பதிலான 2023 சான்றிதழை லினக்ஸ் கணினிகளுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? அதே எஃப்டபிள்யூ-அப்-டி!

குரோம்புக்கில் செருகும் துணைக்கருவிகளைப் புதுப்பிக்க கூகுள் பயன்படுத்துவதும் எஃப்டபிள்யூ-அப்-டியைத்தான். இது விண்டோஸிலும் ஓடும். மேக்கிலும் ஓடும்!

சுதந்திர மென்பொருள் கொள்கையில் கறார் என்று பெயரெடுத்த டெபியன் லினக்ஸ்கூட இறங்கிவந்தது! 2022-ல் வாக்கெடுப்பு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ன் இன்ஸ்டாலரிலேயே சுதந்திரமற்ற ஃபர்ம்வேரும் இடம்பிடித்தது. வைஃபை கார்டுக்கு ஃபர்ம்வேர் தேடி, அதை டவுன்லோடு செய்ய வைஃபை இல்லாமல் முழித்தவர்களைக் கேளுங்கள், கைதட்டுவார்கள்!

டெர்மினலைத் திறந்து, உள்ளே இருக்கும் கருவிகளைப் பட்டியலிட எஃப்டபிள்யூ-அப்-டியிடம் சொல்லிப் பாருங்கள். பயாஸ், எஸ்எஸ்டி, கேமரா, டச்பேட், டிபிஎம் சிப்... பெட்டிக்குள் இத்தனை குட்டிக் கணினிகளா என்று வாயைப் பிளப்பீர்கள்! பயாஸ் புதுப்பிப்பு என்றால் ஃபைல் முதலில் டிஸ்கின் ஒரு மூலையில் போய் உட்காரும். ரீஸ்டார்ட் ஆனதும் எழுதும் வேலையை ஃபர்ம்வேரே பார்த்துக்கொள்ளும். கறுப்புத் திரை, மெல்ல நகரும் ஒரு கோடு, திடீரென்று உறுமும் ஃபேன். பதறாதீர்கள். சார்ஜர் செருகியே இருக்கட்டும், பவர் பட்டன் பக்கம் விரல் போகவே வேண்டாம்!

எல்லா நிறுவனமும் எல்லா மாடலுக்கும் எல்விஎஃப்எஸ் வழியாகப் புதுப்பிப்பைத் தருவதில்லை. ஒரே நிறுவனத்தின் அலுவலக லேப்டாப்புக்குக் கிடைக்கும், அதன் மலிவு லேப்டாப்புக்குக் கிடைக்காது. லினக்ஸ் போடுவதற்கென்றே லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? எல்விஎஃப்எஸ்ஸின் கருவிப் பட்டியலில் அந்த மாடலின் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால், கடைக்காரர் எத்தனை தள்ளுபடி சொன்னாலும் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்!