ஜாவர்: மறுபடி திறந்த துத்தநாகச் சுரங்கம்

ராஜஸ்தானில், உதய்ப்பூருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஜாவர். அங்கே 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். உள்ளே கிடைத்த மரத் தாங்கிகளின் வயதே அதற்குச் சாட்சி. பாறையை ஒட்டி விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் பாறை விரிசல் விடும், பிறகு பெயர்த்தெடுப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போரும் பஞ்சமும் இந்த மேவார்ப் பகுதியை வாட்டிய காலத்தில், சுரங்கங்கள் கைவிடப்பட்டன. 1940களில் அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

கைவிட்ட சுரங்கத்தைத் திறப்பது புதிதாகத் தோண்டுவதைவிடக் கடினம். முன்னோர் வரைபடம் வைத்துவிட்டுப் போகவில்லை. பழைய குடைவுகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். இடைச்சுவர் உடைந்தால் வேலை செய்பவர்கள் மேல் பாயும். அதனால் முதலில் நீளமான துளை போட்டு, எதிரே என்ன இருக்கிறது என்று சோதிக்க வேண்டும். காற்றோட்டமில்லாத இடங்களில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். நீரை இறைத்து, விசிறியால் காற்றைச் செலுத்தி, கூரைப் பாறையைக் கம்பியால் தட்டிக் கேட்பார்கள். கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் அடியில் நிற்கக் கூடாது.

இவ்வளவு பாடுபடக் காரணம், முன்னோர் விட்டுப்போன கனிமம்தான். அவர்கள் எட்டிய ஆழம்வரை தோண்டினார்கள். இன்றைய பம்புகள் அதற்கும் கீழே வழிவிடுகின்றன.

ஆனால் ஜாவரின் பெருமை உலையில் இருக்கிறது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்கவோ அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஆகவே உலோகம் ஆவியாகத்தான் வெளிவரும். காற்றுப் பட்டால் மறுபடி ஆக்சைடாகிவிடும். ஜாவர்க்காரர்கள் கத்தரிக்காய் வடிவ மண்கலங்களில் தாதுக் கலவையை நிரப்பி, நீண்ட கழுத்து கீழே வரும்படி கவிழ்த்து வைத்தார்கள். கலவை சரியாமல் கழுத்தில் ஒரு குச்சி. அது கருகியதும் ஆவிக்கு வழி கிடைக்கும். கீழே குளிர்ந்த அறையில் ஆவி உலோகமாகத் திரளும். ஓர் உலையில் இப்படி 36 கலங்கள். இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்கக் காப்புரிமை பெற்றது 1738-இல். ஜாவர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

1980களில் நடந்த அகழாய்வில் அந்த உலைகள் வெளிப்பட்டன. பயன்படுத்தித் தள்ளிய கலங்களை அடுக்கியே அங்கே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். புதிய சுரங்கப் பணி அவற்றை விழுங்கிவிடக் கூடாது. உதய்ப்பூர் போகிறவர்கள் ஏரிகளைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், ஜாவருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.