பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான்: கூட்டு வழக்குக் கடிதம் வந்தால் என்ன செய்வது?

நாரந்தனையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. 1990களின் தொடக்கத்தில் தீவகத்தை விட்டுப் போன குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஊபர் ஓடுகிறார்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், பொதி விநியோகிக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இடைக்கிடை ஒரு மின்னஞ்சலோ தபாலோ வரும். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், பக்கம் பக்கமாக ஆங்கிலம். நீங்கள் ஒரு கூட்டு வழக்கின் உறுப்பினராக இருக்கலாம் என்று அது தொடங்கும். அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பி, "இதில கையெழுத்து வைக்கலாமோ, பிரச்சினை ஏதும் வருமோ?" என்று கேட்கிறார்கள். எனக்கும் அப்படி வந்திருக்கிறது.

இங்கிருந்து போகும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒண்டும் செய்யாத, பேசாமல் இரு."

இந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். பட்டியலில் பெயர் இருப்பதே ஆபத்தாக இருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். யுத்தம் முடிந்த பிறகு கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒரே விபரத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தும் ஒன்றும் காணாத தாய்மாருக்குப் படிவம் என்றாலே வெறுத்துப் போயிருக்கிறது. ஆனால் கூட்டு வழக்கில் இந்தப் பழக்கம் எங்களுக்கு எதிராகவே திரும்பும். அங்கே கையெழுத்து வைக்காமல் விடுவது பாதுகாப்பு அல்ல. பேசாமல் இருந்தவரையும் தீர்வுக்குக் கட்டுப்பட்டவராகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

முதலில் வழக்கு எதைப் பற்றியது என்று பார்ப்போம். ஒருவர் ஊழியர் என்றால் அவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு, விடுமுறைக் கொடுப்பனவு உண்டு. ஒன்ராறியோவில் வாரத்துக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் மேலதிக நேரக் கொடுப்பனவும் உண்டு. அதே ஆளைச் 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்று எழுதிவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை கிடையாது. பெற்றோல், காப்புறுதி, வாகனத் தேய்மானம் எல்லாம் அவர் தலையில். கம்பனி மிச்சப்படுத்தும் அந்தக் காசைத் திருப்பிக் கேட்பதுதான் தவறான வகைப்படுத்தல் வழக்கு. ஒப்பந்தத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது இங்கே கடைசிச் சொல் அல்ல. கட்டணத்தைத் தீர்மானிப்பது யார், வேலையை மறுத்தால் தண்டிப்பது யார், நினைத்த நேரத்தில் கணக்கை மூடக்கூடியவர் யார் என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 2021 பெப்ரவரி 19ஆம் திகதி பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபர் சாரதிகளைத் 'தொழிலாளர்' என்று தீர்ப்பளித்தபோது இப்படியான கேள்விகளைத்தான் கேட்டது.

கனடாவில் நடக்கும் வழக்கு டேவிட் ஹெலர் என்ற ஊபர் ஈட்ஸ் சாரதியின் பெயரில் 2017இல் தொடங்கியது. அவர் வாரத்துக்கு 400 முதல் 600 டொலர் வரை உழைத்தவர். ஊபரின் ஒப்பந்தத்தில், பிணக்கு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாமில் நடுத்தீர்ப்புக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அதற்கு ஆரம்பக் கட்டணமே 14,500 அமெரிக்க டொலர். சாப்பாடு விநியோகிக்கும் ஒருவர் ஒரு வருட உழைப்பின் பெரும்பகுதியைக் கட்டி வழக்குப் பேசுவாரா? 2020 ஜூன் 26ஆம் திகதி கனடா உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. 2021 ஓகஸ்டில் ஒன்ராறியோ நீதிமன்றம் இதைக் கூட்டு வழக்காக நடத்த அனுமதித்தது.

இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள். 2020 தீர்ப்பு சாரதிகள் ஊழியர்களா இல்லையா என்பதைத் தீர்மானிக்கவில்லை. நீதிமன்றக் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். கூட்டு வழக்காக அனுமதித்ததும் வென்றதாகாது. "ஊபர் வழக்கு வென்றாச்சு, காசு வருது" என்று யாராவது அனுப்பினால் எந்த வழக்கு, எந்த நாடு, எந்தக் கட்டம் என்று கேளுங்கள்.

கடிதத்தில் உள்ள நான்கு வழிகள்

வழக்கு முடிவுவரை போகாமல் இரு தரப்பும் ஒரு தொகைக்கு இணங்கினால் அதுதான் இணக்கத் தீர்வு. நீதிபதி ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். அதற்கு முன்பு உறுப்பினர்களுக்கு அறிவித்தல் போகும். அறிவித்தலில் பொதுவாக நான்கு வழிகள் இருக்கும்: கோரிக்கைப் படிவத்தை அனுப்பிக் காசைப் பெறுவது, வழக்கிலிருந்து ஒதுங்கிக்கொள்வது, உள்ளே இருந்தபடி ஆட்சேபிப்பது, ஒன்றுமே செய்யாமல் விடுவது.

எங்களுடைய ஆட்கள் பெரும்பாலும் எடுப்பது கடைசி வழி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சில தீர்வுகளில் கம்பனியிடம் இருக்கும் பதிவின்படி காசோலை தானாக வந்துவிடும். வேறு சிலவற்றில் படிவம் அனுப்பியவருக்கு மட்டும்தான் காசு. இரண்டாவது வகையில் பேசாமல் இருந்தவருக்கு ஒரு சதமும் வராது, ஆனால் அந்தக் காலத்துச் சம்பளத்துக்காக இனி வழக்குப் போடும் உரிமையும் போய்விடும். கொடுத்த காசுக்குப் பதிலாகக் கம்பனி வாங்குவது இந்த உரிமை விடுவிப்பைத்தான். முதலாவது வகையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்காபரோவில் வருடத்துக்கு ஒரு பேஸ்மென்ற் மாறும் ஒருவருடைய பழைய விலாசத்துக்குக் காசோலை போனால் அது யார் கையில் கிடைக்கும்? அறிவித்தலில் இருக்கும் நிர்வாகிக்குப் புதிய விலாசத்தை அறிவிப்பது பத்து நிமிட வேலை.

ஒதுங்கிக்கொள்வது தனியாக வழக்குப் போட விரும்புகிறவருக்கானது. வருடக்கணக்கில் முழுநேரமாக ஓடி, தன்னுடைய இழப்பு மற்றவர்களைவிட மிகப் பெரிது என்று கணக்குக் காட்டக்கூடியவர் இதை யோசிக்கலாம், அதுவும் ஒரு சட்டத்தரணியுடன் பேசிய பிறகு. ஒன்ராறியோவில் சாதாரண வழக்குக்கான கால எல்லை 2 வருடம். கூட்டு வழக்கு நடக்கும்வரை அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், ஒதுங்கியவுடன் திரும்ப ஓடத் தொடங்கும். இன்னொன்று, ஒன்ராறியோவில் ஒதுங்கும் வாய்ப்பு பெரும்பாலும் கூட்டு வழக்காக அனுமதித்த உடனேயே கொடுக்கப்படும். தீர்வுக் கடிதம் வரும்போது அந்தத் திகதி கடந்து போயிருக்கலாம். ஆகவே முதலில் வரும் கடிதத்தையும் எறிந்துவிடக் கூடாது.

ஆட்சேபிப்பதைப் பற்றித்தான் எங்களிடையே ஆகக் குறைவாகத் தெரியும். தொகை போதாது, பங்கீடு நியாயமில்லை என்று நினைத்தால் குறித்த திகதிக்குள் எழுதி அனுப்பலாம். அதற்குச் சட்டத்தரணி கட்டாயம் இல்லை. ஆட்சேபித்துவிட்டுக் கோரிக்கைப் படிவமும் அனுப்பலாம். ஒதுங்கியவர் மட்டும் ஆட்சேபிக்க முடியாது, அவர் வெளியே போய்விட்டார்.

இப்படி எழுதி அனுப்புவதால் ஏதும் நடக்குமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகளைப் பார்ப்போம்.

லிஃப்ட் என்ற கம்பனி கலிபோர்னியாச் சாரதிகளுக்கு 12.25 மில்லியன் டொலர் தர இணங்கியது. 2016 ஏப்ரலில் நீதிபதி வின்ஸ் சப்ரியா அது போதாது என்று மறுத்தார். தொகை 27 மில்லியனாக உயர்ந்தது, 2017 மார்ச்சில் அதை ஏற்றார். இரண்டு மடங்குக்கும் மேல்.

அதே 2016 ஏப்ரலில் ஊபரும் 100 மில்லியன் டொலர் வரையான ஒரு தீர்வுக்கு இணங்கியது. அதில் 84 மில்லியன்தான் நிச்சயமான தொகை, மிச்சம் 16 மில்லியன் கம்பனி பங்குச் சந்தைக்குப் போய்ப் பெறுமதி உயர்ந்தால்தான். கலிபோர்னியாவிலும் மசாசூசெட்ஸிலும் இருந்த ஏறத்தாழ 385,000 சாரதிகளுக்கு அது. சாரதிகள் தொடர்ந்து ஒப்பந்தக்காரர்களாகவே இருப்பார்கள் என்பதும் அதில் அடக்கம். பலர் ஆட்சேபித்தார்கள். வழக்குக்குப் பெயர் கொடுத்த டக்ளஸ் ஓ'கொனரே எதிர்த்தார். ஓகஸ்டில் நீதிபதி எட்வேர்ட் சென் அது நியாயமானதல்ல என்று நிராகரித்தார். அதுவரை நல்ல கதை. ஆனால் 2018 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், நடுத்தீர்ப்பு நிபந்தனைக்கு உடன்பட்ட சாரதிகள் இந்தக் கூட்டு வழக்கில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டது. 2019இல் வந்த தீர்வு 20 மில்லியன் டொலர், கிடைத்தது ஏறத்தாழ 13,600 பேருக்கு.

385,000 எங்கே, 13,600 எங்கே? மிஞ்சியவர்கள் அந்த நிபந்தனைக்கு ஒருபோதும் உடன்படாதவர்களும், உரிய காலத்துக்குள் 'எனக்கு இது வேண்டாம்' என்று அறிவித்தவர்களும்தான். மற்றவர்கள் தொலைபேசித் திரையில் 'சம்மதம்' என்பதை அழுத்திவிட்டு ஓடப் போனவர்கள். ஆட்சேபிப்பது வீண் என்றும் சொல்ல முடியாது, எப்போதும் இலாபம் என்றும் சொல்ல முடியாது. வழக்கு தோற்கக்கூடிய இடம் எது, அதை நினைத்தால் இந்தத் தொகை பரவாயில்லையா என்று கணக்குப் பார்க்க வேண்டும். என்னுடைய அபிப்பிராயத்தில், புதிய செயலிக்குள் போகும்போது வரும் அந்த 'சம்மதம்' பக்கம்தான் பின்னால் வரும் எந்தக் கடிதத்தையும்விட முக்கியமானது. சில ஒப்பந்தங்களில் நடுத்தீர்ப்பு வேண்டாம் என்று அறிவிக்க 30 நாள் கொடுப்பார்கள். அதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு.

கேட்கப் பயப்படும் கேள்விகள்

அகதிக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது, பெயர் நீதிமன்றத்துக்குப் போனால் பாதிக்குமா? கூட்டு வழக்கில் சாதாரண உறுப்பினர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, சாட்சி சொல்வதும் வழக்கமில்லை. வழக்கை முன்னின்று நடத்துபவர் பெயர் கொடுத்த ஓரிருவர்தான். படிவம் தீர்வு நிர்வாகியிடம் போகிறது. ஆனால் ஆட்சேபனைக் கடிதம் நீதிமன்றக் கோப்பில் சேரும், அதை நினைவில் வைத்திருங்கள். இன்னொருவருடைய கணக்கில் ஓடியவர்களின் நிலை வேறு. அவர்கள் படிவத்தைத் தொடுவதற்கு முன்பு சட்டத்தரணியிடம் பேச வேண்டும்.

சட்டத்தரணிக்கு யார் காசு கொடுப்பது? தீர்வுத் தொகையிலிருந்து, நீதிபதி அனுமதிக்கும் அளவுக்கு. உங்கள் கையிலிருந்து முற்பணம் கேட்க மாட்டார்கள். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று பங்கு கேட்கும் ஆளோ, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் இணையப் பக்கமோ வந்தால் விலகிவிடுங்கள். கடிதம் உண்மையா என்று பார்க்க, அதில் உள்ள இணைப்பை அழுத்தாமல், வழக்கு இலக்கத்தையும் சட்ட நிறுவனத்தின் பெயரையும் தனியாகத் தேடிப் பாருங்கள்.

ஆவணங்களைப் பற்றித் தீவக மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இடப்பெயர்வில் தொலைந்து, பிறகு ஒவ்வொரு கந்தோராக அலைந்தவர்கள் இங்கே எத்தனை பேர். செயலிக் கணக்கு மூடப்பட்டால் அதிலுள்ள ஓட்ட விபரங்களையும் திரும்ப எடுப்பது கஷ்டம். வாராந்தக் கணக்குச் சுருக்கம், வங்கிக் கூற்று, பெற்றோல் பற்றுச்சீட்டு ஆகியவற்றை இப்போதே இறக்கி வேறொரு இடத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். சாரதி இறந்துபோயிருந்தால் பெரும்பாலான தீர்வுகளில் அவருடைய உரித்தாளர்களும் கோரலாம். ஊரில் இருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ இது தெரிந்திருப்பது நல்லது.

லண்டனில் இருப்பவர்களுக்கு விதி வேறு. அங்கே இப்படியான சம்பள வழக்குகளில் ஒவ்வொருவரும் தன் பெயரைக் கொடுத்துத்தான் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், கால எல்லையும் மிகக் குறுகியது. பேசாமல் இருந்தவர் தீர்வுக்குக் கட்டுப்பட மாட்டார், ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நிலுவை கரைந்துகொண்டு போகும்.

இலங்கையில் சம்பளத்துக்காக இப்படியான கூட்டு வழக்கு முறை இல்லை. ஆனால் பிரச்சினை இங்கேயும் இருக்கிறது. 'கொமிஷன் முகவர்' என்றும் 'மான்பவர்' ஆள் என்றும் எழுதி, வருடக்கணக்கில் ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் வேலை வாங்குகிறார்கள். ஊழியருக்கு முதலாளி கட்ட வேண்டியது சேமலாப நிதிக்குச் சம்பளத்தின் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும். வேலையை விட்டு நிற்கும்போது ஒரு தொகையைக் கையில் கொடுத்து, 'எல்லாக் கொடுப்பனவும் தீர்ந்தது' என்ற தாளில் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. கனடாவில் இருந்து வரும் கடிதத்துக்குக் கேட்ட அதே கேள்வியை இந்தத் தாளுக்கும் கேளுங்கள்: இந்தக் காசுக்கு நான் எந்த உரிமையை விடுகிறேன்? வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம், பிரதி ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். சேமலாப நிதி கட்டவில்லை என்றால் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு செய்யலாம். தமிழில் எழுதிக் கொடுக்கலாம், வேலை செய்த திகதிகளும் சம்பளம் வந்ததற்கான ஏதாவது ஓர் அத்தாட்சியும் கையில் இருந்தால் போதும்.